எங்கள் வீட்டுத் தபால்

என் தங்கைக்கு இரண்டு பட்டப்பெயர்கள். டைல் தொழிற்சாலையில் அவளை "ஜட்ஜம்மா" என்பார்கள். வீட்டில் "தபால்". இரண்டாவது பெயரை வைத்த புண்ணியவான் நான்தான். பெயரை வைத்துவிட்டு வீட்டை விட்டே ஓடிப்போனவனும் நான்தான். அதனால் இந்தக் கதையில் நான் நல்லவனாக வருவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

முதலில் சண்டையைச் சொல்லிவிடுகிறேன். அப்பா தண்ணீர் மீட்டர் பார்க்கிறவர். அம்மா ஆஸ்பத்திரித் தையல் பிரிவில் போர்வைக்கும் திரைச்சீலைக்கும் ஓரம் அடிக்கிறவள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பாவின் அலுவலகத்திலிருந்து நாலு பேர் சாப்பிட வந்திருந்தார்கள். அம்மா ஏதோ கலகலப்பாகச் சொல்லிக்கொண்டே பரிமாறினாள். அப்பா மேலே கையைக் காட்டி, "இவ பேச்சை நிறுத்தினாத்தான் எங்க வீட்டு ஃபேனுக்குச் சத்தம் இருக்குன்னே தெரியும்" என்றார். நாலு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அம்மா கரண்டியைப் பாத்திரத்தில் வைத்துவிட்டு, "அப்படியா? நல்லாக் கேளுங்க" என்றாள். அன்றைக்கு அப்பாவோடு பேச்சை நிறுத்தியவள் நிறுத்தியவள்தான்.

அப்பா இரண்டு நாள் சிரித்துக்கொண்டு திரிந்தார். மூன்றாம் நாள் முறைத்தார். பத்தாம் நாள், "அவளாப் பேசினாத்தான் நானும் பேசுவேன்" என்று அறிவித்தார். ரோஷம் என்று வந்துவிட்டால் எங்கள் வீட்டில் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை.

வீடு ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் முதல் மாடியில். முன்னறை அப்பாவுக்கு, பின்னறையும் சமையலறையும் அம்மாவுக்கு என்று யாரும் பிரிக்காமலே பிரிந்துபோனது. நடுவில் பன்னிரண்டு அடிக்கு ஒரு நடைவழி, வாசல் கதவும் அதில்தான். முன்னறையில் எந்நேரமும் ஃபேன் கடகடவென்று ஓடும், பின்னறையில் தையல் மிஷின் ஓடும். இங்கே பேசுவது அங்கே கேட்காது. குழாய் ஒழுகுகிறது, சிலிண்டர் தீர்ந்துவிட்டது, சாவியை யார் எடுத்தது என்பதையெல்லாம் யாராவது தூக்கிக்கொண்டு போய்ச் சொல்ல வேண்டுமே. எனக்குப் பத்தொன்பது வயது, எரிச்சல் வந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவேன். தங்கைக்குப் பதிமூன்று. அவள் எங்கே போவாள்?

முன்னறையில் அப்பா சொல்வார்: "அந்த மகாராணிக்கு ஒரு குழாயை ஒழுங்கா மூடத் தெரியாதான்னு கேளு."

பன்னிரண்டு அடி நடந்து தங்கை சொல்வாள்: "அம்மா, குழாய் லேசா சொட்டுதாம். வாஷர் போயிருக்கும்னு அப்பா சொல்றாரு."

அம்மா சொல்வாள்: "வாஷர் போனா மாத்தறதுக்கு வீட்ல ஆம்பளைன்னு ஒருத்தர் இருக்கணும்னு சொல்லு."

திரும்பப் பன்னிரண்டு அடி. "அப்பா, உங்களுக்கு நேரம் கிடைக்கும்போது மாத்திக் கொடுப்பீங்களான்னு அம்மா கேட்டாங்க."

அப்பா உறுமிக்கொண்டே மாற்றிக் கொடுப்பார். ஒரு பதிமூன்று வயதுப் பெண் இதை யாரிடம் கற்றுக்கொண்டாள் என்று தெரியாது. அந்தப் பன்னிரண்டு அடிக்குள் முள்ளை எல்லாம் எடுத்துவிட்டு மீனை மட்டும் தட்டில் வைத்துக் கொடுத்தாள். நான் அவள் தலையில் தட்டி, "தபால் வந்தாச்சு, தபால் வந்தாச்சு" என்று கேலி செய்தேன். எட்டாவது மாதம் எனக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது, பஸ்ஸில் ஏழு மணி நேரத் தூரம். துணிமணியை அள்ளிக்கொண்டு கிளம்பிவிட்டேன். இப்போது அங்கே சொந்தமாக ஃபேன், இஸ்திரிப் பெட்டி ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். ஊரார் வீட்டு ஃபேனுக்கெல்லாம் சத்தத்தை நிறுத்திக் கொடுக்கிறேன், அது ஒரு கொடுமை.

தங்கை வளர்ந்தாள். அவளுக்கு வயிற்றுப்புண் எரிச்சலும் கூடவே வளர்ந்தது. அப்பாவின் சாவி பூட்டில் எப்படித் திரும்புகிறது என்பதை வைத்தே அன்றைய நாள் எப்படிப் போகும் என்று சொல்லிவிடுவாள். உட்கார்ந்து சாப்பிட மாட்டாள். முன்னறையில் சாப்பிட்டால் அம்மாவுக்குக் கோபம், சமையலறையில் சாப்பிட்டால் அப்பாவுக்குக் கோபம், அதனால் நடைவழியில் நின்றபடியே தட்டைக் காலி பண்ணுவாள். தூக்கத்தில் பல்லைக் கடித்துக் கடித்துப் பின்பல் ஒன்று விரிசல் விட்டது. டாக்டர், "வீட்ல ஏதாவது சண்டை சச்சரவா?" என்று கேட்டிருக்கிறார். "இல்லையே டாக்டர், எங்க வீட்ல சத்தமே இருக்காது" என்றாளாம். சத்தியமான வார்த்தை. சிநேகிதிகளும் ஒவ்வொருத்தியாக விலகிப்போனார்கள். யாரும் சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை. எதைச் சொன்னாலும் "சரி" என்கிறவளோடு எத்தனை நாள்தான் பேசிக்கொண்டிருப்பது?

ஆனால் தொழிற்சாலையில் போய்ப் பாருங்கள். அங்கே அவள் தரம் பிரிக்கும் பிரிவில் வேலை. சூளையிலிருந்து வெந்து வரும் டைல்கள் பெல்ட்டில் வரிசையாக வரும். குழல்விளக்கு வெளிச்சத்தில் நிறம் பார்ப்பாள், இரும்பு அளவுகோலைக் குறுக்கே வைத்து வளைவு பார்ப்பாள், சந்தேகம் வந்தால் கையில் எடுத்து விரல் முட்டியால் தட்டுவாள். கணீரென்றால் நல்லது. மொட்டையாகக் கேட்டால் உள்ளே எங்கோ விரிசல். உடனே மெழுகுப் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. சூப்பர்வைசர் வந்து, "ரெண்டாம் தரத்துல போட்டுடும்மா, லோடு கிளம்பணும்" என்று கெஞ்சுவார். "முடியாது சார், ஆறு மாசத்துல உடையும்" என்பாள். குரலும் உயராது, கண்ணும் தாழாது. அதனால்தான் ஜட்ஜம்மா.

அந்த ஜட்ஜம்மாவைப் பார்த்துத்தான் மெக்கானிக் மயங்கினார். அவர் அதே தொழிற்சாலையில் பெல்ட்டையும் உருளைகளையும் பழுது பார்க்கிறவர். ஒரு நாள் மதியம் அவள் நாற்பது டைலை வரிசையாகக் கழித்துவிட்டு, "உங்க உருளை கீறுது" என்றாள். "என் உருளை கீறாது" என்று அவர் குதித்தார். நாற்பதையும் தரையில் பரப்பி, எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் இருந்த கோட்டைக் காட்டினாள். அவர் போய் உருளையைக் கழற்றிப் பார்த்தார். அதில் அரிசி மணி அளவுக்கு ஒரு டைல் சில்லு ஒட்டிக்கொண்டிருந்தது. அடுத்த வாரமே டீ குடிக்க வருகிறாயா என்று கேட்டுவிட்டார்.

டீ குடிக்க வந்தவள் வேறு ஆள். எந்தக் கடை? "உங்களுக்குப் பிடிச்சது." எந்தப் படம்? "எதுவானாலும் சரி." எப்போது கல்யாணம்? "நீங்க சொல்லுங்க." தொழிற்சாலை கேட்டுக்குள்ளே "முடியாது" என்கிறவள் அந்த கேட்டுக்கு வெளியே வந்ததும் "சரி" என்கிற பொம்மையாகிவிட்டாள். மனுஷர் குழம்பிப்போனார். ஆனாலும் விடவில்லை. பதிவு அலுவலகத்தில் பெயர் கொடுத்துத் தேதியும் வாங்கியாயிற்று.

அதற்குப் பிறகு ஒரு நாள் அவர் வீட்டுக்குச் சாப்பிடப் போனாள். அந்த வீட்டில் சண்டை என்பது மூச்சு விடுகிற மாதிரி. அவர் அக்காவின் இஸ்திரி போட்ட துணி மேல் அவருடைய அம்மா ஈரத்துண்டைப் போட்டுவிட்டார்.

"உனக்குக் கண்ணு முதுகுலயா இருக்கு?" என்று அக்கா கத்தினாள்.

"சாப்பிடற நாற்காலில துணியை வைக்கச் சொன்னது யாரு, உன் மாமியாரா?" என்று அம்மா கத்தினார்.

என் தங்கை பதறி எழுந்தாள். அக்கா பக்கம் திரும்பி, "அம்மா என்ன சொல்றாங்கன்னா, தெரியாம நடந்துடுச்சாம், இனிமே பாத்துக்கறாங்களாம்" என்றாள். அம்மா பக்கம் திரும்பி, "அக்காவுக்கு இன்னைக்கு வேலை ஜாஸ்தி. உங்க மேல கோபம் எல்லாம் இல்லைன்னு சொல்றாங்க" என்றாள்.

மெக்கானிக்கின் அம்மா, "ஏம்மா, எனக்குக் காது நல்லாத்தானே கேக்குது? நான் எப்ப அப்படிச் சொன்னேன்?" என்றார். அக்கா, "கோபம் இல்லைன்னு நான் எப்ப சொன்னேன்? எனக்கு நிறையவே கோபம் இருக்கு" என்றாள். பத்து நிமிஷத்தில் அம்மாவும் மகளும் ஒரே தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என் தங்கை மட்டும் தட்டை எடுத்துக்கொண்டு கதவோரம் போய் நின்றபடி சாப்பிட்டாள். மெக்கானிக் அதைப் பார்த்துவிட்டார்.

விஷயம் வெடித்தது வீடு பார்க்கும்போது. கல்யாணத்துக்குப் பிறகு எங்கே இருப்பது? "எங்கம்மா வீட்டு மாடியில இருக்கலாமா?" என்று மெக்கானிக் கேட்டார். "சரி" என்றாள். "நம்ம கட்டடத்துலயே மூணாவது மாடி காலியா இருக்கு, அங்க வந்துடுங்க" என்று அம்மா சொன்னாள். "சரிம்மா" என்றாள். "எங்க வேணும்னாலும் இரு, தினமும் காலையில எட்டு மணிக்கு இங்க வந்துட்டுப் போ, இல்லைன்னா உங்கம்மாகிட்ட யார் எனக்காகப் பேசறது?" என்று அப்பா சொன்னார். "சரிப்பா" என்றாள். மூன்று பேருக்கும் மூன்று சரி. யாருக்கும் மனம் கோணக் கூடாது என்று பார்த்தவள், தன் தலையை மூன்று பேரிடமும் அடகு வைத்துவிட்டு வந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் மாடி அறைக்கு என்ன பெயிண்ட் அடிக்கலாம் என்று கேட்க, நிற அட்டையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா அவரைப் பின்னறையில் உட்கார வைத்து, ஆசை ஆசையாக நாலு திரைச்சீலையைக் கொண்டுவந்து அவர் மடியில் விரித்தாள். "மூணாவது மாடி ஜன்னலுக்கு அளவெடுத்துத் தைச்சேன் மாப்பிள்ளை." அவர் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, அப்பா முன்னறையிலிருந்து ஃபேன் சத்தத்துக்கு மேல் குரல் கொடுத்தார்: "எட்டு மணிக்கு அனுப்பி வெச்சுடுங்க, போதும்."

அவர் எழுந்து படிக்கட்டுக்கு வந்தார். தங்கை பின்னாலேயே போனாள்.

"நீ சொன்ன மூணு சரியில எது நிஜம்?"

"உங்களுக்கு எது பிடிக்குதோ..."

"அதை மட்டும் சொல்லாத. பெல்ட் பக்கத்துல நிக்கறாளே, அவகிட்டதான் நான் கல்யாணத்துக்குக் கேட்டேன். அவளை நான் வெளியில ஒரு தடவைகூடப் பாக்கல." அவருக்குக் குரல் உடைந்ததாம். "தேதிக்கு இன்னும் ரெண்டு வாரம் இருக்கு. உனக்கு என்ன வேணும்னு உன் வாயால சொல்லு. அது என்னவா இருந்தாலும் பேசலாம். சொல்லலைன்னா பதிவுல இருந்து பேரை எடுத்துடுவோம். என்னால ஒரு சுவரோட குடும்பம் நடத்த முடியாது."

அன்றைக்குச் சாயங்காலம் தங்கை எனக்குப் போன் பண்ணினாள். "ஒண்ணும் இல்லண்ணா, தேதி கொஞ்சம் தள்ளிப் போகலாம்" என்றாள். அடுத்த நாள் மெக்கானிக் கூப்பிட்டு முழுக்கதையையும் சொன்னார். எனக்கு அவர் மேல்தான் முதலில் கோபம் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தால், எங்கள் வீட்டில் நடப்பதைப் பதினோரு வருஷத்தில் உரக்கச் சொன்ன முதல் ஆள் அவர்தான். சனிக்கிழமை கடையைப் பூட்டிவிட்டுப் பஸ் ஏறினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவள் வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். முகம் கழுவாமல் நடைவழியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், உள்ளங்கையெல்லாம் மெழுகுப் பென்சில் கறை.

"இன்னைக்கு முன்னூறு டைலைக் கழிச்சேண்ணா. சூப்பர்வைசர் கத்தினாரு, மேனேஜர் வந்தாரு, நான் அசையல. அப்புறம் பஸ்ல வரும்போது எனக்கே என் மேல கோபம் வந்துச்சு. ஒரு டைலுக்காகச் சண்டை போடறேன், எனக்காக ஒரு வார்த்தை பேச வரல." உள்ளங்கைக் கறையைக் கட்டைவிரலால் தேய்த்தாள். "நாளையிலிருந்து யார் என்ன சொன்னாலும் சொன்னபடியே போய்ச் சொல்லப் போறேன். ஒரு எழுத்துக்கூட மாத்த மாட்டேன்."

"வீடு ரெண்டாயிடும்" என்றேன்.

"ஏற்கெனவே ரெண்டாத்தான் இருக்கு."

ஞாயிறு காலை, அப்பா வழக்கம்போல் ஆரம்பித்தார். "உங்கம்மாகிட்ட போய்ச் சொல்லு, அந்தக் கர்ட்டனை அவ ஆஸ்பத்திரியிலயே கொண்டு போய் மாட்டிக்கட்டும். பொண்ணை மூணாவது மாடியில கட்டிப் போடப் பாக்கறா, சுயநலம் பிடிச்சவ."

தங்கை எழுந்தாள். பின்னாலேயே நானும் போனேன். அவள் பின்னறை வாசலில் நின்று, அந்த வாக்கியத்தை ஒரு சொல் பிசகாமல், ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள். சுயநலம் பிடிச்சவ வரைக்கும்.

தையல் மிஷின் நின்றது. "யார் சொன்னது?"

"அப்பா."

"அவர் அப்படியெல்லாம் பேச மாட்டாரே" என்றாள் அம்மா.

தங்கை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "அவர் பதினோரு வருஷமா அப்படித்தான்மா பேசறாரு. நான்தான் மாத்தி மாத்திச் சொன்னேன்."

அம்மாவுக்கு முகம் சிவந்தது. "அந்தக் கல்லுக்குப் பொறந்த மனுஷன்கிட்ட போய்ச் சொல்லு, இந்தப் பொண்ணு மட்டும் இல்லைன்னா நான் என்னைக்கோ பெட்டியைத் தூக்கிட்டுப் போயிருப்பேன்னு."

தங்கை போனாள். அதையும் அப்படியே சொன்னாள். அப்பா பேப்பரைக் கீழே வைத்தார். "அவளா சொன்னா? சேச்சே. கொஞ்சம் ரோஷக்காரி, அவ்வளவுதான். இப்படிப் பேசற ஆள் இல்லையே அவ."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவர்கள் இரண்டு பேரும் பதினோரு வருஷமாகக் குடும்பம் நடத்தியது ஒருவரோடு ஒருவர் அல்ல. என் தங்கை உருவாக்கிக் கொடுத்த ஒரு நல்ல புருஷனோடு அம்மாவும், ஒரு நல்ல மனைவியோடு அப்பாவும் குடும்பம் நடத்தியிருக்கிறார்கள். இந்த இரண்டு ஆட்களுக்கும் சோறு போட்டு வளர்த்ததில்தான் அவள் வயிறு எரிந்து போயிருக்கிறது.

அம்மா நடைவழிக்கு வந்துவிட்டாள். அவள் பார்வை அப்பா பக்கம் போகவே இல்லை. தங்கையைத்தான் பார்த்தாள்.

"எனக்குப் பித்தப்பை ஆபரேஷன் பண்ணினப்ப நீ வந்து சொன்னியே. 'உடம்பைப் பாத்துக்கச் சொல்லு, வீட்டை நான் பாத்துக்கறேன், அவ நல்லபடியா வந்தாப் போதும்'னு உங்கப்பா சொன்னார்னு. அது?"

தங்கை என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? கண்ணாலேயே ஜாடை காட்டினேன், ஆமாம் என்று சொல்லிவிடு என்று. ஏழு மணி நேரம் பஸ்ஸில் வந்து, அவளுக்கு நான் செய்த உதவி அதுதான். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

"அது நான் சொன்னதும்மா" என்றாள் தங்கை. "நீ பயந்து போய்ப் படுத்திருந்த. எனக்கும் பயமா இருந்துச்சு. அவர் ஒண்ணும் சொல்லல."

அம்மா முந்தானையை இழுத்துச் செருகினாள். பிறகு நடந்தாள். பதினோரு வருஷத்தில் அப்பா இருக்கும்போது அவள் முன்னறைக்குள் காலை வைத்தது அன்றைக்குத்தான். நேராகப் போய் ஃபேன் சுவிட்சை அணைத்தாள். இறக்கைகள் சுற்றி நிற்கிற வரைக்கும் காத்திருந்தாள்.

"எனக்கு ஆபரேஷன் ஆனப்ப நீங்க என்ன சொன்னீங்க?"

அப்பா மேலே ஃபேனைப் பார்த்தார். "ஞாபகம் இல்ல" என்றார். அம்மா நகரவில்லை. அப்பா திணறிப்போய்த் தங்கை பக்கம் திரும்பினார். "நீ சொல்லேன். நான் என்ன சொன்னேன்?"

மனுஷர் கேட்ட கேள்வியைப் பாருங்கள். பெண்டாட்டி எதிரில் நிற்கிறாள், பதிலை மகளிடம் கேட்கிறார். தங்கையால் அந்த இடத்தில் இருபது அழகான வாக்கியங்கள் சொல்லியிருக்க முடியும். சொல்லியிருந்தால் அன்றைக்கே இரண்டு பேரும் சமாதானமாகியிருப்பார்கள் என்றுகூட நினைக்கிறேன்.

"நான் சொல்ல மாட்டேன்ப்பா. அது உங்க வார்த்தை, நீங்கதான் தேடணும்" என்றாள். பிறகு இரண்டு பேரையும் பார்த்துச் சொன்னாள். "மூணாவது மாடிக்கு நான் வரல. எட்டு மணிக்கும் வர மாட்டேன். உங்களைப் பாக்கணும்னு தோணும்போது வருவேன், பாத்துட்டுப் போவேன். யார் சேதியையும் யாருக்கும் கொண்டு போக மாட்டேன். எனக்கு இருபத்து நாலு வயசாகுது. நான் உக்காந்து சாப்பிடணும்."

செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

நான் வீட்டில் மாட்டிக்கொண்டேன். அம்மாவும் அப்பாவும் பேச ஆரம்பித்தார்கள் என்று சொன்னால் நீங்கள் சந்தோஷப்படுவீர்கள். படாதீர்கள். இரண்டு மணி நேரம் காது கொடுத்துக் கேட்க முடியாத பேச்சு. பதினோரு வருஷத்து ஊறல் எல்லாம் ஒரே நாளில் வந்தது. இடையில் அம்மா மூச்சு வாங்க உட்கார்ந்து, "உங்கப்பாகிட்ட சொல்லுடா..." என்று என்னிடம் ஆரம்பித்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், என் கால் தானாக ஓர் அடி எடுத்து வைத்தது. பழக்கமே இல்லாத எனக்கே அப்படி என்றால் அவளுக்கு எப்படி இருந்திருக்கும்! "அவர் எதிர்லதாம்மா நிக்கறாரு" என்று சொல்லிவிட்டு நின்றேன். அம்மாவுக்கு என் மேல் கோபம். அப்பாவுக்கும் கோபம். அவர்கள் இன்னும் சமாதானமாகவில்லை. ஆனால் திட்டுவதை நேருக்கு நேர் திட்டிக்கொள்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம், நான் கடைக்குத் திரும்பிய பிறகு தங்கை போன் பண்ணினாள்.

"அண்ணா, நான் சண்டை போட்டேன்."

"யார்கூட?"

"அவர்கூடத்தான். தனி வீடு வேணும்னு சொன்னேன். அவங்கம்மா வீட்டு மாடியும் வேணாம், எங்கம்மா வீட்டு மாடியும் வேணாம்னேன். அவருக்குக் கோபம் வந்துடுச்சு. அம்மாவைத் தனியா விடணுமான்னு கத்தினாரு. எனக்கு வயிறு எரிஞ்சுது, சரின்னு சொல்லிடலாமான்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. சொல்லலண்ணா. நீங்க கத்தினா எனக்கு உடம்பு நடுங்குது, கத்தறப்ப நான் எழுந்து போயிடுவேன், அரை மணி நேரத்துல திரும்பி வருவேன், வந்து மிச்சத்தைப் பேசலாம்னேன். போனேன். தெருவை ரெண்டு சுத்து சுத்தினேன். திரும்பி வந்தேன். அங்கயே உக்காந்திருந்தாரு."

"யார் ஜெயிச்சது?"

"இன்னும் முடியல. இன்னைக்குச் சாயங்காலம் மிச்சம் இருக்கு" என்றாள். குரலில் ஒரு துள்ளல். "அவர் சிரிக்கறாருண்ணா. இவ்வளவு கோபம் உனக்குள்ள எங்க இருந்துச்சுன்னு கேக்கறாரு. தேதி அப்படியேதான் இருக்கு. வீடுதான் முடிவாகல."

ஏதாவது கேலியாகச் சொல்லி முடித்துவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

"இரு. உன்கூடவும் ஒரு சண்டை இருக்கு" என்றாள்.

"என்கூடவா?"

"நீ என்னை விட்டுட்டுப் போன. எனக்குப் பதிமூணு வயசு. படிக்கட்டுல நின்னு டாட்டா காட்டினேன், நீ திரும்பிக்கூடப் பாக்கல. போன்ல கேக்கறப்பல்லாம் நல்லா இருக்கோம்ணா, நல்லா இருக்கோம்ணான்னு சொன்னேன். நீ ஒரு தடவைகூட, நிஜமாவான்னு கேக்கல. உனக்குத் தெரிஞ்சிருக்கும்ணா. தெரிஞ்சேதான் கேக்கல. எனக்கு உன் மேல ரொம்பக் கோபம்."

கவுண்டருக்கு அந்தப் பக்கம் ஒரு பெரியவர் இஸ்திரிப் பெட்டியை வைத்துக்கொண்டு காத்திருந்தார். இன்னொருவர் ஃபேனைத் தோளில் தூக்கிக்கொண்டு படியேறினார். எனக்கும் அப்போது என்ன வயது, பத்தொன்பதுதானே, நான் மட்டும் என்ன செய்திருக்க முடியும் என்று நாக்கில் நாலு பதில் தயாராக இருந்தது. பெரியவரிடம் நாளைக்கு வரச் சொன்னேன், ஷட்டரைப் பாதிக்கு இறக்கினேன், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"சொல்லு. எதையும் மாத்தாம சொல்லு" என்றேன்.

நாற்பது நிமிஷம் சொன்னாள்.